கொண்டுவந்தவர் போன பின்னும் பீலியில் தண்ணீர்

தோட்டத்தில் ஒரு தண்ணீர்த் திட்டத்தைத் திறந்துவைக்கும் நாள் திருவிழா நாள் போன்றது. மேளம் கொட்டுவார்கள், மாலை போடுவார்கள், நாடா வெட்டுவார்கள். பெரியவர் ஒருவர் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஐந்தாறு வருடங்களுக்குப் பின் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால் சில இடங்களில் பெயர்ப்பலகை மாத்திரம் நிற்கும். பெண்கள் பழையபடி குடத்தோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கிக்கொண்டிருப்பார்கள். பணம் கொடுத்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்தார்கள். வேலை செய்தவர்களும் ஒழுங்காகத்தான் செய்தார்கள். அப்படியானால் பிழைத்தது எங்கே?

இக்கேள்வி எமது வாசகர்களுக்கு இன்று மிக நெருக்கமானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையால் பதுளை மாவட்டத்தின் பல மலைகள் சரிந்தன. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுப்பட்டியையும் விட்டு வந்த குடும்பங்கள் இப்போது புதிய இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. எத்தனை பேர்ச்சஸ் காணி, எத்தனை அறை, கூரை ஓடா தகரமா என்றெல்லாம் பேசுகிறோம். தண்ணீரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் பேச வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

வயதான மிஷனரியும் சாவிக்கொத்தும்

ஆபிரிக்கக் கிராமங்களில் முப்பது நாற்பது வருடங்கள் பணியாற்றிய மிஷனரிமார் பலர் நல்ல தண்ணீருக்காகவே பாதி வாழ்நாளைச் செலவிட்டார்கள். கிணறு வெட்டினார்கள், பம்பி பூட்டினார்கள், குழாய் போட்டார்கள். இளமையில் மிஷனரியே எல்லாவற்றையும் செய்வார். உதிரிப் பாகம் அவருடைய அறையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பணம் அவருடைய பெயருக்கு வரும். பம்பி நின்றால் அவருடைய லொறிதான் வர வேண்டும். அறுபது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலிக்கும், கண் மங்கும். ஒரு நாள் சபைத் தலைமையகம் அவரைத் திருப்பி அழைக்கும், அல்லது அவர் அந்த மண்ணிலேயே கண்ணை மூடுவார். சாவிக்கொத்து அவரோடேயே போய்விட்டால் தண்ணீரும் போய்விடும்.

எமது ஊவாவிலும் வயது சென்ற பின் வசதியை விட்டு வறிய இடத்தைத் தேடி வந்தவர்கள் உண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை இந்தச் சிறிய வறிய மறைமாவட்டத்துக்கு வந்து 1982இல் இறக்கும் வரை பணியாற்றினார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். 1980இல் புத்தளைப் பகுதிக் கிராமத்துக்குப் போய், சிங்கள பௌத்த விவசாயிகள் மத்தியில் அவர்களைப் போலவே எளிமையாக வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலியின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபது.

எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு மனிதர் என்றென்றைக்கும் எம்மோடு இருப்பதில்லை. பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார். தோட்டத்துரை வேறு தோட்டத்துக்குப் போவார். நிறுவனத்தின் திட்டக் காலம் முடியும். ஆகவே தண்ணீர் வேலையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "யார் கொண்டுவருவார்?" என்பதல்ல. "அவர் போன பின் யார் பார்ப்பார்?" என்பதே.

கைப்பம்பி சொல்லும் பாடம்

இந்தியாவில் 1960களின் வரட்சிக் காலத்தில் ஆயிரக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றில் பூட்டிய வார்ப்பிரும்புப் பம்பிகள், மேலைநாட்டில் ஒரு வீட்டு முற்றத்துக்காகச் செய்தவற்றின் சாயலில் வார்க்கப்பட்டவை. ஒரு முழுக் கிராமம் விடியலிலிருந்து இருட்டும் வரை அடித்தால் அவை தாங்குமா? 1970களின் முற்பகுதியில் பார்த்தபோது பெரும்பாலானவை உடைந்து கிடந்தன.

மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் பின்னர் சோலாப்பூரிலும் கிறிஸ்தவ மிஷன்களோடு கிணற்று வேலை செய்தவர்கள் உருக்கினால் ஓர் உறுதியான பம்பியை உருவாக்கினார்கள். அதிலிருந்தே யுனிசெப்பின் உதவியோடு 'இந்தியா மார்க் 2' பிறந்தது. அது உகண்டா, கானா, சாம்பியா என ஆபிரிக்காவின் பல நாடுகளுக்கும் போனது.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தாலும் நிலத்துக்குள் இருக்கும் முழுக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்குப் பட்டணத்திலிருந்து ஆட்களும் வாகனமும் வர வேண்டும். இதைத் தீர்க்க 1980களில் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் நீண்ட பரிசோதனை நடந்தது. குழாயை அசைக்காமல் உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கக்கூடிய 'மார்க் 3' வந்தது. அதே காலத்தில் மலாவியிலும் கென்யாவிலும் 'அப்ரிடெவ்' என்ற பம்பி உருவானது. ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு ஊரவரே கழற்றிப் பூட்டலாம் என்பதே அதன் சிறப்பு. முதலில் உறுதியான பம்பியைத் தேடினார்கள். பின்னர் ஊரவர் கையால் திருத்தக்கூடிய பம்பியைத் தேடினார்கள்.

முலான்ஜே மலையடிவாரம்

வெல்லவாய, புத்தளை போன்ற தாழ்நிலங்களில் கைப்பம்பி பயன்படும். பதுளை, பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளை மலைகளில் எமது தண்ணீர் பெரும்பாலும் ஊற்றுத் தண்ணீர்தான். மேலேயிருந்து கீழே தானாகவே ஓடிவரும். இதற்குச் சரியான ஒப்பீடு மலாவி நாட்டின் முலான்ஜே. அதுவும் எமது பகுதியைப் போலவே ஓங்கிய மலையும், அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்களும், சுற்றிலும் சிறு விவசாயிகளும் கொண்ட இடம்.

1960களின் இறுதியில் அங்கு சாம்பே என்ற பகுதியில் ஒரு குழாய்த் திட்டம் தொடங்கியது. மலைக் காட்டு ஓடையிலிருந்து பம்பியும் மின்சாரமும் இன்றிக் கிராமங்களுக்குத் தண்ணீர் இறக்கினார்கள். அரசாங்கம் குழாயும் பயிற்சியும் கொடுத்தது. கான் வெட்டியதும், குழாயைச் சுமந்ததும், மூடியதும் கிராமத்து மக்கள். ஒவ்வொரு பீலிக்கும் ஒரு குழு, ஒவ்வொரு கிளைக் குழாய்க்கும் ஒரு குழு, முழுத் திட்டத்துக்கும் ஒரு குழு என அமைத்தார்கள். இம்முறையில் பல இலட்சம் மக்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. வேறு நாட்டவரும் வந்து பார்த்துப் படித்துப் போனார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. காலப்போக்கில் அங்கும் பல பீலிகள் வற்றின. மேலே காடு வெட்டப்பட்டது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் மணல் நிறைந்தது. மக்கள்தொகை பெருகியது. இடைவழியில் சிலர் குழாயை வெட்டித் தமக்கு இணைத்துக்கொண்டார்கள். பராமரிப்புக்கு அரசாங்கப் பணம் போதவில்லை. தண்ணீர் இலவசம் என்று பழகிய இடத்தில் புதுக் குழாய் வாங்க மக்களிடமும் சேமிப்பு இருக்கவில்லை. சேர்ந்து கான் வெட்டியது திட்டத்தைத் தொடங்கப் போதுமாயிருந்தது. அதைக் காப்பாற்ற ஊற்றின் மேற்பக்கக் காடும், மாதாந்தச் சேமிப்பும் வேண்டியிருந்தன.

எமது மாவட்டத்தின் அனுபவம்

1993 முதல் 1998 வரை உலக வங்கியின் உதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டம் நடைபெற்றது. அதன் விதி தெளிவானது. ஊரவர் ஒரு சங்கமாகப் பதிய வேண்டும். கட்டும் செலவில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை உழைப்பாகவும் பணமாகவும் தர வேண்டும். கட்டிய பின் நடத்தும் செலவு முழுவதும் அவர்களுடையது. இப்படியான சங்கங்களுக்கு உதவ 2014இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களமும் ஆரம்பிக்கப்பட்டது.

தோட்டங்களில் நிலைமை வேறு. ஊற்று கம்பனியின் நிலத்தில். குழாய் நிர்வாகத்தின் பொறுப்பு. உடைந்தால் ஒப்பீஸில் சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அக்கதவு திறந்தது. ஆகவே எமது மக்களுக்குச் சங்கம் வைத்துத் தண்ணீரைத் தாமே நடத்தும் பழக்கம் குறைவு. அது திறமைக் குறைவு அல்ல, வாய்ப்பு தரப்படாமையே. புதிய குடியேற்றத்தில் அந்த வாய்ப்பு வருகிறது.

ஊற்றைக் காப்பது எப்படி?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, நீர் புகாத களியிலோ பாறையிலோ முட்டி, சரிவில் வெளியே வரும் இடமே ஊற்று. மண்ணே அதனை வடிகட்டித் தருகிறது. வெளியே வந்த பிறகுதான் அது பெரும்பாலும் அசுத்தமாகிறது. மாடு மிதிக்கும், இலை அழுகும், மேலே உள்ள மலசலகூடத்திலிருந்து கழிவு கசியும், தேயிலைக்கும் மரக்கறிக்கும் அடித்த மருந்து மழையோடு வரும். நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வயிற்றோட்டமும் இவ்வழியாகவே லயத்துக்குள் நுழைகின்றன.

பாதுகாப்பு வேலை கடினமானதல்ல. தண்ணீர் வரும் கண் வரை பின்னோக்கித் தோண்டிச் சுத்தமான கல் நிரப்ப வேண்டும். முன்புறம் கொங்கிரீட் சுவர் எழுப்பி மூடியுள்ள ஒரு தொட்டி கட்ட வேண்டும். அதற்கு மூன்று குழாய்கள் தேவை. ஒன்று ஊருக்குப் போவது. அடியில் உள்ள இரண்டாவது கழுவி விடுவதற்கு. மேலே உள்ள மூன்றாவது, மிகுதி நீர் வழிவதற்கு. இந்த மூன்றாவது குழாயைச் சிலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். விடக்கூடாது. வழிய வழியில்லாவிட்டால் நீர் பின்னோக்கி அழுத்தி வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகும். ஊற்றே இடம் மாறிவிடலாம்.

ஊற்றுக்கு மேலே பத்து மீற்றர் அளவில் குறுக்கே ஒரு கான் வெட்டி மழை வெள்ளத்தைத் திருப்பிவிட வேண்டும். சுற்றி வேலி போட வேண்டும். மேற்பக்கமாகக் குறைந்தது முப்பது மீற்றருக்குள் மலசலகூடமோ மாட்டுப்பட்டியோ இருக்கக்கூடாது. அங்குள்ள பழைய காட்டு மரங்களை வெட்டக்கூடாது. நீரை அதிகமாக உறிஞ்சும் யூக்கலிப்டஸை அங்கே நடவும் கூடாது.

வாளியும் கைக்கடிகாரமும்

ஊற்று எத்தனை குடும்பத்துக்குப் போதும் என்று அறிய எஞ்சினியர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு 20 லீற்றர் வாளியும் ஒரு கைக்கடிகாரமும் போதும். வாளி நிரம்ப 100 செக்கன் எடுத்தால், ஒரு நாளுக்கு 17,280 லீற்றர் கிடைக்கும். ஆளுக்கு 50 லீற்றர் வீதம், ஐவர் கொண்ட 60 குடும்பங்களுக்கு 15,000 லீற்றர் வேண்டும். போதும், ஆனால் சற்றுத்தான் மிஞ்சும்.

இக்கணக்கை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். காணி காட்டும் அதிகாரிகள் மழை முடிந்த தை மாதத்தில் வந்தால் எல்லா ஊற்றும் கொட்டும். ஊவாவில் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து நிலம் காயும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் அந்தக் காலமே பீலி மெலியும் காலம். அப்போது அளந்த அளவே உண்மையான அளவு.

இரவிலும் ஊற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேற்சொன்ன ஊற்றிலிருந்து இரவின் பத்து மணித்தியாலத்தில் 7,200 லீற்றர் வரும். சேமிப்புத் தாங்கி இல்லாவிட்டால் அது வீணாகும். காலையில் கொழுந்துக்குப் போகுமுன் எல்லோரும் ஒன்றாகக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் போதாது, சண்டை வரும். தாங்கி இருந்தால் இரவுத் தண்ணீர் காலைக்கு உதவும்.

குழாய் போடும்போதும் ஒரு கணக்கு உண்டு. ஊற்றுக்கும் பீலிக்கும் இடையில் ஒவ்வொரு பத்து மீற்றர் உயர வித்தியாசத்துக்கும் அமுக்கம் கூடும். 'டைப் 600' என்று அச்சிட்ட பிவிசி குழாய் ஏறத்தாழ 60 மீற்றர் உயர நீரின் அமுக்கத்தைத் தாங்கும். மலை அதைவிட உயரமானால் 'டைப் 1000' வேண்டும், அல்லது நடுவழியில் அமுக்கத்தை உடைக்கும் சிறு தொட்டி வேண்டும். மலிவுக் குழாயை வாங்கிப் போட்டுவிட்டு அடிக்கடி வெடிக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை.

ஊற்று எச்சரிக்கும்போது

இடம்பெயர்ந்தவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். ஊற்று குடிநீர் தருவதோடு நிலத்தின் நாடித்துடிப்பையும் காட்டுகிறது. தெளிவாக வந்த ஊற்று மழையில் திடீரெனச் சேறாக வந்தால், ஓடிய ஊற்று சட்டென நின்றால், இதுவரை இல்லாத இடத்தில் தண்ணீர் பீறிட்டால், மலை உள்ளே அசைகிறது என்று எண்ண வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திறக்க முடியாமல் இறுகிய கதவு ஆகியவையும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். பிறகு கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்கலாம். மீரியபெத்த ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஊற்றைத் தினமும் பார்க்கும் ஒருவர் ஊரில் இருந்தால், கடதாசிக்கு முன்பே அவர் அறிவார்.

கசியும் குழாயும் வழியும் தாங்கியும் தண்ணீரை வீணாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. சரிவு மண்ணை நாள் முழுவதும் ஊறவைத்து அதைப் பலவீனமாக்குகின்றன. மிகுதி நீரைக் கட்டிய கானில் விட்டு ஓடையில் சேர்க்க வேண்டும்.

நிலத்தைக் குடைந்தால் நீர் என்னவாகும் என்பதையும் எமது மாவட்டம் கண்டது. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்த பின், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பது எமது குடத்தில் தெரியும்.

சாவியை யார் வைத்திருப்பது?

தண்ணீர்க் குழு பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஏழு பேர் போதும். அவர்களுள் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் நின்றால் முதலில் குடம் தூக்குபவர்கள் அவர்களே. ஊற்றுக்குக் கிழமைக்கு ஒரு முறை ஏறிப் பார்க்க ஒருவரை நியமித்து, அவருக்குச் சிறு கொடுப்பனவு கொடுக்க வேண்டும். தொண்டு என்று சொல்லிச் சம்பளமில்லாமல் விட்டால் மூன்றாம் மாதம் அவர் ஏறமாட்டார். ஸ்பேனர், ஹக்ஸோ பிளேட், குழாய் ஒட்டும் பசை, மாற்றுக் குழாய் இரண்டு ஆகியன ஊரிலேயே இருக்கட்டும்.

60 குடும்பங்கள் மாதம் 100 ரூபா போட்டால் வருடத்துக்கு 72,000 ரூபா சேரும். அது வங்கியில் இருவரின் கையொப்பத்தோடு இருக்கட்டும். கணக்கு மாதந்தோறும் எல்லோருக்கும் வாசிக்கப்படட்டும். சந்தேகம் நுழைந்த சங்கத்தில் சந்தா நிற்கும், சந்தா நின்ற இடத்தில் தண்ணீரும் நிற்கும். கட்ட இயலாத விதவைக்கும் முதியவருக்கும் என்ன சலுகை என்பதையும் முதற் கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

ஊற்று வேறு டிவிஷனின் நிலத்திலோ அண்டைச் சிங்களக் கிராமத்தின் எல்லையிலோ இருக்கலாம். அவர்கள் ஏற்கெனவே அதில் வயல் பாய்ச்சி வரலாம். அப்படியானால் அவர்களையும் குழுவில் சேர்த்து, யாருக்கு எவ்வளவு நீர் என்று இரு மொழியிலும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சு நல்ல காலத்தில் மட்டுமே நிற்கும்.

வீட்டு அடிக்கல் வைக்குமுன் அதிகாரிகளிடமும், எம்மைப் போன்றோரிடமும் இவற்றைக் கேளுங்கள்: ஊற்று எங்கே? ஆவணி மாதத்தில் அளந்தீர்களா? அந்த நிலம் யாருடையது, எழுத்தில் உண்டா? மலசலகூடங்கள் அதற்குக் கீழேதானா? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீரைச் சோதித்தாரா? குழாய் உடைந்தால் திருத்த எம்மில் எத்தனை பேருக்குப் பழக்கித் தருவீர்கள்? பதில் கிடைக்கும் வரை கேளுங்கள். அதுவரையிலும், அதன் பின் தண்ணீர் கலங்கும் நாட்களிலும், குமிழி எழுந்து ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆறவைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நாடா வெட்டும் நாளில் மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். அன்றே அவர்கள் முன்னிலையில் தொட்டியின் சாவியும் ஸ்பேனரும் கணக்குப் புத்தகமும் ஊரவர் கைக்கு வரட்டும்.